வரவை மட்டும் எழுதும் பேரேடு

1968இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் ஏறத்தாழ 8 லட்சம் டன் காட் மீன் பிடிபட்டது. பெரும்பகுதி அயல்நாட்டு இழுவைக் கப்பல்களின் வேலை. 1977இல் கனடா தன் மீன்பிடி எல்லையை 200 கடல் மைலுக்கு நீட்டி அவற்றை வெளியே தள்ளியது; அவை விட்டுப்போன இடத்தை உள்நாட்டு இழுவைக் கப்பல்கள் பிடித்துக்கொண்டன. அடுத்த பதினைந்து ஆண்டுகளும் மீனின் விலை, பதப்படுத்தும் ஆலையின் கூலி, வலை, ஐஸ், கப்பல் கட்டிய செலவு எல்லாம் ஏதோ ஒரு வழியில் நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறின. 1992 ஜூலையில் அரசு காட் மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தியது. சுமார் 30,000 பேருக்கு வேலை போயிற்று. தடை விலக 32 ஆண்டு பிடித்தது. 2024இல் மறுபடி அனுமதித்த அளவு 18,000 டன்.

கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று மதிப்பிட ஆள் இல்லாமல் போகவில்லை. மதிப்பீடு தவறியதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு. ஒரு மணி நேர இழுவைக்கு எவ்வளவு மீன் விழுகிறது என்பதைப் பெரிதும் நம்பினார்கள். காட் எண்ணிக்கை குறையக் குறைய எஞ்சியவை சில இடங்களில் நெருக்கமாகத் திரண்டன. கப்பல்கள் எதிரொலிக் கருவி வைத்து நேராக அந்தத் திரள்மேல் போய் நின்றன. ஆகவே ஒரு மணி நேரப் பிடிப்பு கடைசிவரை நன்றாகவே இருந்தது. ஆராய்ச்சிக் கப்பல்கள் கடல் முழுக்கப் பரவலாக வலை போட்டுக் கண்ட கணக்கு குறைவாக இருந்தபோது, அது வெகுநாள் எடுபடவில்லை.

பொருளாதார வளர்ச்சி, நீடித்த தன்மை, மனித நல்வாழ்வு மூன்றையும் பற்றிய இன்றைய வாக்குவாதத்தில் பாதி, இந்த மீன் கதைக்குள்ளேயே இருக்கிறது. ஓர் ஆண்டில் எவ்வளவு விற்பனையானது என்பது ஓட்டத்தின் அளவு. கடலில் எவ்வளவு மிச்சம் என்பது இருப்பின் அளவு. அந்த விற்பனையால் யார் எப்படி வாழ்ந்தார்கள் என்பது மூன்றாவது கேள்வி. மூன்றுக்கும் தனித்தனி அளவுகோல் வேண்டும். ஒன்றின் அளவை எடுத்து மற்றதற்கு விடை சொல்லும்போதுதான் சண்டை முடிவில்லாமல் இழுக்கிறது.

ஜிடிபி எதை எண்ணுகிறது?

மொத்த உள்நாட்டு உற்பத்தி (ஜிடிபி) என்பது ஒரு நாட்டுக்குள் ஓர் ஆண்டில் கூட்டப்பட்ட மதிப்பு. தனியார் நுகர்வு, முதலீடு, அரசுச் செலவு, ஏற்றுமதி நான்கையும் கூட்டி இறக்குமதியைக் கழித்தால் வருவது. அமெரிக்காவில் இதன் முன்னோடிக் கணக்கை சைமன் குஸ்னெட்ஸ் 1934இல் செனட் சபைக்குக் கொடுத்தார். தேசிய வருமானத்தை வைத்து ஒரு நாட்டின் நலனை ஊகிப்பது அநேகமாக முடியாத காரியம் என்று அதே அறிக்கையில் எச்சரித்தார். பிறகு வந்த போரில், ஆயுதத்துக்கு எவ்வளவு ஒதுக்கினால் மக்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்று பார்க்க இந்தக் கணக்கு கச்சிதமாக உதவியது. 1953இல் ஐ.நா. உலகுக்குப் பொதுவான தேசியக் கணக்கு முறையை வெளியிட்டது. எச்சரிக்கை அடிக்குறிப்பாயிற்று, எண் தலைப்புச் செய்தியாயிற்று.

இந்தக் கணக்கின் எல்லை எங்கே என்று தெரிந்தால் பல விந்தைகள் விளங்கும். வீட்டில் சமைத்து, முதியோரைப் பார்த்துக்கொண்டால் கணக்கில் சுழியம். அதே வேலைக்கு ஆள் வைத்தால் கூட்டல். அரசுப் பள்ளி தரும் கல்விக்குச் சந்தை விலை இல்லாததால், பெரும்பாலும் அதற்கு ஆகும் செலவே அதன் மதிப்பாக எழுதப்படுகிறது; பிள்ளைகள் கற்றார்களா என்பது அந்தச் செலவுத் தொகையில் தெரியாது. எண்ணெய்க் கப்பல் கவிழ்ந்து கடற்கரையைச் சுத்தம் செய்தால் அந்தக் கூலியும் வருமானம்தான்.

எண்ணுமே கல்லில் செதுக்கியதல்ல. நைஜீரியா 2014இல் தன் கணக்கின் அடிப்படை ஆண்டை 1990இலிருந்து 2010க்கு மாற்றியது. தொலைபேசி, திரைத்துறை முதலானவை முறையாக உள்ளே வந்ததும் 2013ஆம் ஆண்டின் ஜிடிபி 89% கூடி, தென்னாப்பிரிக்காவைத் தாண்டிவிட்டது. தெருவில் ஒரு கடை கூடக் கூடுதலாகத் திறக்கவில்லை. அயர்லாந்தில் 2015இல் வளர்ச்சி 26% என்று அறிவித்தார்கள். பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் அறிவுசார் சொத்துக்களைக் காகிதத்தில் அங்கே இடம் மாற்றியதுதான் முதன்மைக் காரணம். அந்நாட்டின் புள்ளியியல் அலுவலகமே கூசிப்போய், உள்நாட்டு நிலைமையைக் காட்ட வேறொரு திருத்திய அளவை உருவாக்கிக்கொண்டது.

இதையெல்லாம் சொல்லி ஜிடிபியைக் குப்பையில் போடச் சொல்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வரி வசூல் எவ்வளவு வரும், வேலைவாய்ப்பு எப்படிப் போகும், கடன் தாங்குமா என்று கணிக்க இதைவிடக் கைக்கு வாகான கருவி இல்லை. குறை கருவியில் பாதி. வெப்பமானியை வைத்துக்கொண்டு எடை பார்ப்பதில் மீதிப் பாதி.

குந்தித் தின்ற குன்று

ஒரு நிறுவனம் தன் இயந்திரம் தேய்ந்தால் தேய்மானம் எழுதும். நாட்டுக் கணக்கிலும் சாலை, ஆலை, கட்டடம் தேய்வதைக் கழித்து நிகர உற்பத்தி காண்கிறார்கள். காடு அழிந்தால், சுரங்கம் வற்றினால், நிலத்தடி நீர் இறங்கினால் கழிக்கும் வழக்கம் இல்லை.

இதன் உச்சகட்ட உதாரணம் நவ்ரு. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் தீவு. தீவின் நடுமேடு பாஸ்பேட் படிவம். அயலார் பல பத்தாண்டு தோண்டியபின், 1968இல் விடுதலை பெற்று, 1970இல் சுரங்கத்தைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டு தலா வருமானத்தில் உலகின் மேல்வரிசையில் நின்றது. வருமான வரி இல்லை. இருப்பு தீரும் என்று தெரிந்தே ஓர் அறக்கட்டளை நிதியும் வைத்தார்கள். ஆனால் அந்த நிதி வெளிநாட்டுக் கட்டடங்களிலும், விமான நிறுவனத்திலும், லண்டனில் எடுபடாத ஓர் இசை நாடகத்திலும்கூடப் போய்க் கரைந்தது. பிறகு கடன், கடனுக்குச் சொத்து பறிமுதல். தீவின் ஏறக்குறைய 80% பரப்பு சுண்ணாம்புக் கல் முட்களாக நிற்கிறது. நடக்கக்கூட வாகாக இல்லை. குந்தித் தின்றால் குன்றும் கரையும் என்பார்கள். இங்கே சொல்லுக்குச் சொல் நடந்தது. கரைந்த ஒவ்வொரு ஆண்டும் கணக்குப் புத்தகத்தில் அது வருமானம் என்றுதான் எழுதப்பட்டது.

நார்வே இதற்கு நேர்மாறு. 1990இல் எண்ணெய் நிதிக்குச் சட்டம், 1996இல் முதல் வைப்பு. எண்ணெயில் அரசுக்கு வரும் நிகர வருவாய் நிதிக்குள் போகிறது. நிதி முழுக்க வெளிநாட்டில் முதலீடாகிறது. அரசு அதிலிருந்து சராசரியாக ஆண்டுக்கு எடுக்கலாம் என்பது, நிதி ஈட்டும் என்று எதிர்பார்க்கும் 3% மட்டுமே. 2001இல் வைத்த 4% விதியை 2017இல் 3% ஆக இறக்கினார்கள். இன்று அந்த நிதி 1.5 லட்சம் கோடி டாலருக்கு மேல். ஜான் ஹார்ட்விக் 1977இல் எழுதிய விதி இதைத்தான் சொல்கிறது: தீர்ந்துபோகும் வளத்திலிருந்து கிடைக்கும் உபரியை முழுக்க வேறு மூலதனமாக மாற்றினால், அடுத்த தலைமுறையின் வருமானம் குறையாது.

விதி அழகு. ஆனால் நார்வே விற்ற எண்ணெய் வேறெங்கோ எரிந்து வளிமண்டலத்தில்தான் சேர்ந்தது. இங்கேதான் துறைக்குள் பெரிய பிளவு. இயற்கை மூலதனம் குறைந்தாலும் அதற்கு ஈடாக ஆலை, கல்வி, பணம் கூடினால் போதும் என்பது ஒரு பக்கம். இதை மென்மையான நீடித்த தன்மை என்கிறார்கள். சில இருப்புகளுக்கு மாற்றே கிடையாது, அவற்றைத் தனியாகக் காக்க வேண்டும் என்பது மறுபக்கம். 1988 முதல் 1994 வரை உலக வங்கியில் பணிபுரிந்த ஹெர்மன் டேலி இதற்கு ஓயாமல் வாதாடியவர். தாமிரத்துக்கு மாற்றாக ஒளியிழை வந்தது, முதல் கட்சிக்குச் சான்று. ஓசோன் படலத்துக்கு மாற்று வராது, இரண்டாம் கட்சிக்குச் சான்று. பொருளுக்குப் பொருள் விடை மாறுகிறது என்பதே என் முடிவு. நிலையான காலநிலை, வளமான மண், மகரந்தச் சேர்க்கை போன்றவற்றில் இரண்டாம் கட்சியின் கை ஓங்கியிருக்கிறது.

கழித்துப் பார்த்தால் எவ்வளவு மாறும்? இந்தோனேசியாவின் 1971 முதல் 1984 வரையான ஆண்டுகளுக்கு ராபர்ட் ரெபெட்டோவும் சகாக்களும் 1989இல் கணக்குப் போட்டார்கள். பெட்ரோலியம், காடு, மண்ணரிப்பு மூன்றை மட்டும் கழித்தபோது ஆண்டு வளர்ச்சி 7.1% என்பது 4% ஆகச் சுருங்கியது. உலக அளவில், பார்த்தா தாஸ்குப்தா தலைமையில் பிரிட்டன் அரசுக்காக எழுதி 2021இல் வந்த அறிக்கை, 1992க்கும் 2014க்கும் இடையே ஒரு தலைக்கான உற்பத்தி மூலதனம் (ஆலை, சாலை, கட்டடம்) இரட்டித்தது, மனித மூலதனம் (கல்வி, திறன், உடல்நலம்) 13% கூடியது, இயற்கை மூலதனம் ஏறத்தாழ 40% குறைந்தது என்கிறது. இயற்கைக்குப் பண மதிப்பு போடுவதில் ஊகம் நிறைய. திசையைப் பற்றி யாருக்கும் பெரிய ஐயம் இல்லை.

எதிர்காலத்துக்கு என்ன விலை என்பதும் இதே பேரேட்டில்தான் வருகிறது. நூறு ஆண்டு கழித்து வரும் 100 டாலர் சேதத்தை, ஆண்டுக்கு 1.4% தள்ளுபடி வீதத்தில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் 25 டாலர். 4% வைத்தால் 2 டாலர். பொருளியலாளர் நிக்கோலஸ் ஸ்டெர்ன் காலநிலை மாற்றம் பற்றிய 2006 அறிக்கையில் எடுத்தது 1.4%. வில்லியம் நார்ட்ஹவுஸ் அதைவிட மிக உயர்ந்த வீதம் வேண்டுமென்றார். ஒருவர் உடனே செலவழிக்கச் சொன்னதற்கும் மற்றவர் மெல்லப் போகலாம் என்றதற்கும் இடையிலான வேறுபாட்டில் பெரும்பங்கு இந்த ஒரு வீதத்திலிருந்து வந்தது.

பணம் கூடினால் வாழ்வு கூடுமா?

சாமுவேல் பிரஸ்டன் 1975இல் நாடுகளின் தலா வருமானத்தை ஆயுளோடு சேர்த்து வரைந்தார். ஏழை நாடுகளில் கோடு செங்குத்தாக ஏறுகிறது. பணக்கார நாடுகளில் படுத்துவிடுகிறது. இன்னும் முக்கியம், அதே வருமானத்துக்கு உரிய ஆயுள் 1930களைவிட 1960களில் கூடியிருந்தது. தடுப்பூசி, சுத்தமான குடிநீர், கிருமி பற்றிய அறிவு வருமானம் உயராமலே ஆயுளை நீட்டின.

ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீடு (1990, மஹ்பூப் உல் ஹக்) இந்த வளைவைத் தன் சூத்திரத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. வருமானத்தை 100 டாலரிலிருந்து 75,000 டாலர் வரை மடக்கை அளவில் எடுக்கிறார்கள். அதனால் 1,000 டாலர் 2,000 ஆனாலும், 20,000 டாலர் 40,000 ஆனாலும் வருமானப் புள்ளி ஒரே அளவு, 0.105, தான் கூடும். ஆயுளுக்கு 20 முதல் 85 வரை நேர் அளவு, அதில் 0.105 பெற ஏறக்குறைய 7 வயது கூட வேண்டும். ஏற்கெனவே வசதியானவர்களிடம் இன்னும் 20,000 டாலர் சேர்ப்பது, அடியில் இருப்பவர்களிடம் 1,000 டாலர் சேர்ப்பதற்குச் சமம் என்று சூத்திரமே ஒப்புக்கொள்கிறது. சுற்றுச்சூழல் மட்டும் அதில் இல்லை. 2020இல் கார்பன் உமிழ்வையும் பொருள் நுகர்வையும் கழித்து ஒரு மாற்றுப் பட்டியல் போட்டபோது, முதலிடத்தில் இருந்த நார்வே 15 இடம் இறங்கியது.

கோஸ்டா ரிக்காவின் தலா வருமானம் அமெரிக்காவில் பாதியைக்கூட எட்டாது. ஆயுள் 80 வயதை ஒட்டி, அமெரிக்காவைவிடச் சற்றே மேலே. வழி மிகச் சாதாரணமானது. 1990களின் நடுவிலிருந்து நாட்டைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, ஏறத்தாழ நாலைந்தாயிரம் பேருக்கு ஒரு மருத்துவர், ஒரு செவிலி உதவியாளர், ஒரு பதிவேட்டு எழுத்தர், வீடு வீடாகப் போகும் ஒரு சுகாதாரப் பணியாளர் என்று குழு வைத்தார்கள். நாலாவது ஆள்தான் இதில் அச்சாணி: நோய் வந்தவர் தேடி வருவதற்குமுன், இரத்த அழுத்தமும் தடுப்பூசி அட்டையும் வீட்டு வாசலிலேயே பார்க்கப்படுகின்றன. அமெரிக்கா தன் ஜிடிபியில் சுமார் 17%ஐ மருத்துவத்தில் செலவழிக்கிறது. அந்தச் செலவு முழுக்க வளர்ச்சிப் பக்கம் ஏறுகிறது. அதைத் தவிர்த்த கோஸ்டா ரிக்கா அந்த அளவுக்குக் குறைந்து தெரிகிறது.

மகிழ்ச்சி பற்றிய ஆய்வுகளை நான் அதிகம் நம்பிப் பேசமாட்டேன். நாட்டுக்குள் பணக்காரர் அதிக நிறைவு சொல்கிறார்கள், ஆனால் காலப்போக்கில் நாடு பணக்காரமானாலும் சராசரி நிறைவு ஏறுவதில்லை என்று ரிச்சர்ட் ஈஸ்டர்லின் 1974இல் சொன்னார், அதிகத் தரவோடு 2008இல் ஸ்டீவன்சனும் வுல்ஃபர்ஸும் மறுத்தார்கள், ஈஸ்டர்லின் விடவில்லை. 0 முதல் 10 வரை ஏணியில் எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்கும் அளவில் 10க்கு மேல் படியே கிடையாது, ஜிடிபிக்கு உச்சவரம்பே கிடையாது. இரண்டையும் நூறாண்டு ஒப்பிட்டால் ஏணி தோற்றுத்தான் ஆக வேண்டும்.

பிரிக்க முடியுமா?

பசுமை வளர்ச்சிக்காரர்கள் சொல்வது: உற்பத்தி ஏறட்டும், உமிழ்வு இறங்கட்டும். இதில் இரண்டு நிலை. உமிழ்வு வளர்ச்சியைவிட மெதுவாக ஏறினால் ஒப்பீட்டுப் பிரிவு. வளர்ச்சி ஏற, உமிழ்வு உண்மையிலேயே இறங்கினால் முழுப் பிரிவு. பிரிட்டன் 1990க்குப் பின் தன் உமிழ்வைப் பாதியாக்கியது, பொருளாதாரம் சுமார் 80% வளர்ந்தது. முழுப் பிரிவுதான், மறுக்க முடியாது. ஆனால் பிரித்துப் பார்த்தால், பெரும் பங்கு நிலக்கரி மின்சாரத்தை விட்டதில் வந்தது. கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. அந்தப் படி இனி இல்லை. வீட்டுச் சூடேற்றம், வண்டி, பண்ணை என்று மீதியெல்லாம் கடினமானவை. இறக்குமதிப் பொருளுக்குள் ஒளிந்து வரும் உமிழ்வையும் சேர்த்தால் இறக்கம் சிறிதாகிறது.

உலக அளவில் கணக்கு இன்னும் கறார். புதைபடிவ எரிபொருளின் கார்பன் டை ஆக்சைடு 1990இல் ஏறத்தாழ 2,270 கோடி டன். 2023இல் சுமார் 3,700 கோடி டன். ஒரு டாலர் உற்பத்திக்கான உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 1.5 முதல் 2% வீதம் குறைந்துதான் வந்திருக்கிறது. உற்பத்தி அதைவிட வேகமாக ஏறியது. பத்தாண்டில் உமிழ்வைப் பாதியாக்க ஆண்டுக்கு 7% இறங்க வேண்டும். உற்பத்தி 3% வளர்ந்துகொண்டே இருந்தால், டாலருக்கான உமிழ்வு 9.7% இறங்க வேண்டும். அதாவது இதுவரை கண்ட வேகத்தைப்போல் ஐந்து மடங்கு.

வளர்ச்சியைக் குறைக்கச் சொல்பவர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். அதே கணக்கை மறுபக்கமும் ஓட்டிப் பார்க்க வேண்டும். வளர்ச்சி சுழியமானாலும் தேவை 7%, இருப்பது 2%. வளர்ச்சியை நிறுத்தினால் 2.7 புள்ளி மிச்சமாகிறது, மீதி 5 புள்ளிக்கு மின் நிலையமும் எஃகு உலையும் மாறித்தான் ஆக வேண்டும். 2020இல் உலகமே முடங்கியபோது உமிழ்வு குறைந்தது 5% அளவுக்குத்தான். நிற்கும் வண்டியிலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

திறன் கூடினால் போதும் என்ற நம்பிக்கைக்கு 1865இலேயே அடி விழுந்தது. நீராவி எந்திரம் குறைந்த நிலக்கரியில் ஓடத் தொடங்கியதும் நிலக்கரித் தேவை குறையவில்லை, எந்திரம் நுழையாத இடத்திலெல்லாம் நுழைந்து தேவை கூடியது என்று வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் காட்டினார். திறனோடு சேர்த்து விலையோ வரம்போ வைத்தால்தான் மிச்சம் மிச்சமாகவே நிற்கும்.

நிறுத்தினால் ஏன் விழுகிறது?

வளர்ச்சி வெறியை அரசியல்வாதியின் பேராசை என்று தள்ளுவது எளிது. உண்மையில் அது மூன்று பூட்டுகளில் மாட்டியிருக்கிறது.

முதல் பூட்டு வேலை. ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி ஆண்டுக்கு 1.5% கூடுகிறது, மொத்த உற்பத்தி கூடவில்லை என்று வையுங்கள். பத்தாண்டில் தேவைப்படும் உழைப்பு நேரம் 14% குறையும். அதை ஏழில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பியும் தீர்க்கலாம். வாரம் 40 மணியை 34.5 மணியாக்கியும் தீர்க்கலாம். இரண்டாவதற்கு மணிக்கூலி உயர வேண்டும், அதற்குப் பேச்சுவார்த்தை பலம் வேண்டும். எதுவும் செய்யாவிட்டால் தானாக நடப்பது முதலாவது.

இரண்டாவது கடன். ஒரு நாட்டின் கடன் ஜிடிபிக்குச் சமம், வட்டி 3%, விலைவாசியோடு சேர்த்த வளர்ச்சி 5% என்றால், கடனைத் திருப்பிக் கட்டாமலே ஓராண்டில் விகிதம் 100இலிருந்து 98க்கு இறங்கும். வளர்ச்சி சுழியமானால், விகிதம் ஏறாமல் நிற்கவே ஆண்டுதோறும் ஜிடிபியில் 3% மிச்சம் பிடித்து வட்டி கட்ட வேண்டும். மூன்றாவது ஓய்வூதியம்: இன்று உழைப்பவர் கட்டுவதை இன்று ஓய்ந்தவருக்குக் கொடுக்கும் முறையில், முதியோர் பங்கு கூடும்போது வருமானம் கூடாவிட்டால் ஒரு பக்கம் வெட்டு விழும்.

பூட்டைத் திறக்காமல் வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை கிரேக்கம் காட்டியது. 2008க்குப் பின் அதன் ஜிடிபி கால்வாசி சுருங்கியது. 2013இல் வேலையின்மை 27%. வளர்ச்சிக் குறைப்பு பேசுபவர்கள் இதைத் தங்கள் திட்டம் என்று ஏற்கமாட்டார்கள், நியாயம்தான். அவர்கள் கேட்பது திட்டமிட்ட இறக்கம், அதுவும் பணக்கார நாடுகளில் மட்டும். எல்லாருக்கும் வீடு, உணவு, மருத்துவம், கல்வி, போக்குவரத்து தர ஒரு தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 15 கிகாஜூல், அதாவது 4,200 யூனிட் அளவு ஆற்றல் போதும் என்று 2020இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. நிபந்தனை: இருப்பதிலேயே சிறந்த தொழில்நுட்பம் எங்கும் வேண்டும், நுகர்வு போதும் என்ற அளவில் நிற்க வேண்டும். பொறியியலாக இது முடிகிற காரியம். எந்த வாக்காளர் எதை விட்டுக்கொடுப்பார் என்பதற்கு அந்த ஆய்வில் சூத்திரம் இல்லை.

இதற்கிடையே பேரேட்டில் ஒரு வரி மாறியிருக்கிறது. 2025 மார்ச்சில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, சுரங்கமும் காடும் மீனும் வற்றுவதை உற்பத்திச் செலவாக எழுதச் சொல்கிறது. நாடுகள் அதற்கு மாற 2029, 2030 என்று காலம் வைத்திருக்கிறார்கள். அந்தக் கழித்தல் விழுவது நிகர உள்நாட்டு உற்பத்தியில். செய்தியில் வாசிக்கப்படும் ஜிடிபி வளர்ச்சி வீதத்தை அது தொடாது. 1985இன் காட் மீனை இந்தப் புதிய முறையில் எழுதினாலும், மேல்வரியில் கூட்டல். மீன் குறைந்ததைப் பார்க்க இன்னும் சில வரி கீழே இறங்கிப் படிக்க வேண்டும்.